கொக்கியை உடைத்தவன்

"எழுதிக் கொடு! ஆர்லோ அளவுக்கு மீறிப் பாரம் ஏத்தினதாலதான் உடைஞ்சதுன்னு எழுதிக் கீழே உன் பேரைப் போடு!"

எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டுவந்த கிரேன் கொக்கியின் இரண்டு துண்டுகளையும் மேஜைமேல் 'டங்'கென்று வைத்தார் ரெஜிஸ் கொவாச். பல்கலைக்கழகப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப்பா. கையில இருக்கிற சாண்ட்விச்சை வெளியில வெச்சிட்டு வா. இங்கே சாப்பாடு கொண்டுவரக் கூடாது" என்றாள் மகள் கோரா.

கோரா அங்கே மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்கில் எம்.எஸ். இரண்டாம் வருடம். உடைந்த உலோகம் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆய்வு.

ரெஜிஸுக்கு அந்தப் படிப்பே பிடிக்காது. பிட்ஸ்பர்க்கில் மீசை முளைக்கும் முன்பே பழைய இரும்பு பொறுக்க ஆரம்பித்து, அடித்துப் பேரம் பேசியே சொந்தமாக ஒரு யார்டு போட்டவர். "இரும்பை உடைக்கிறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா? யார்டுக்கு வா, ஒரே நாள்ல கத்துத் தர்றேன்" என்று ஊர் முழுக்கக் கேலி பேசுவார்.

இன்று அந்தப் படிப்பு தேவைப்பட்டது.

போன வாரம் கொக்கி உடைந்து, தூக்கிய இரும்புக் கட்டு சரிந்து விழுந்ததில், கீழே நின்ற தொழிலாளி ஆர்லோவின் தோள்பட்டை நொறுங்கிப்போனது.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு என்ன சொல்றான் தெரியுமா? கொக்கியே சரியில்லையாம்! நாளைக்கு யூனியன்காரங்க வர்றாங்க. தப்பு அவன் பேர்லன்னு காட்டினா வேலையை விட்டு அனுப்பிடலாம். இல்லேன்னா அந்த நன்றிகெட்டவனைத் திரும்பச் சேர்த்துக்கணும்."

"மூணு பிள்ளைங்கப்பா அவருக்கு."

"எனக்கும்தான் ஒரு பொண்ணு இருக்கு. அவ யார் பக்கம்?"

"கொக்கி பக்கம்."

ரெஜிஸுக்கு முகம் சிவந்தது.

"கொக்கிக்கு என்னடி குறைச்சல்? ஈஸ்டர் லீவுல ஊரே வீட்டுல உட்கார்ந்து ஹாம் தின்னுட்டிருந்தது. நான் ஏணியைப் போட்டு ஏறி, கிரேன் மொத்தத்துக்கும், கொக்கி வரைக்கும், மஞ்சள் பெயிண்ட் அடிச்சேன். பிரஷ்ஷை ஒருத்தன் கையில கொடுக்கலை. சேஃப்டி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துட்டு, புதுசு மாதிரி இருக்கேன்னு சொல்லிட்டுப் போனான். ஒரு முதலாளி இதுக்கு மேல என்ன பண்ணுவான்?"

கோரா கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு துண்டின் உடைந்த முகத்தை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துக் குனிந்தாள்.

ரெஜிஸ் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "உடைஞ்ச இரும்புல அப்படி என்ன தெரியும்? இன்னொரு உடைஞ்ச இரும்புதான் தெரியும்!"

வெகுநேரம் கழித்துத்தான் கோரா நிமிர்ந்தாள்.

"இது ஒரே நாள்ல உடையலைப்பா."

"என்ன?"

"இந்தப் பக்கம் பளபளன்னு இருக்கு பாரு, அது போன வாரம் உடைஞ்சது. அந்த ஓரத்துல கறுப்பா, துருப்பிடிச்சு இருக்கிறது பழைய வெடிப்பு. மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போயிருக்கு. ஒவ்வொரு பாரம் தூக்கும்போதும் வளர்ந்திருக்கு. புதுசா உடைஞ்ச இடத்துக்குள்ள எதுவும் இறங்க நேரமில்லை. பழைய வெடிப்புக்குள்ள தண்ணி, எண்ணெய், வெளியில இருந்த எல்லாமும் இறங்கியிருக்கும். அதிகப் பாரம்னு நான் எழுத முடியாது."

ரெஜிஸ் ஒரு நொடிதான் தடுமாறினார். ஒரு விலை படியவில்லை என்றால் இன்னொரு விலை சொல்லத் தெரியாதவரா அவர்?

"சரி, அப்படியே எழுது! அதுவும் அவன் தப்புதான். தினமும் காலையில கொக்கியைப் பார்க்கிறது யார் வேலை? ஆர்லோ வேலை! கண்ணு முன்னாடி வெடிச்சிருக்கு, பார்த்தும் பேசாம இருந்திருக்கான். துரோகி!"

"அப்பா, அவசரப்படாதே."

"ஏன் படக் கூடாது? அந்தக் கட்டு அவன் தோள்ல விழுந்துச்சு, இன்னும் ஒரு அடி தள்ளி விழுந்திருந்தா தலையில! பக்கத்துல எத்தனை பேர் நிக்கிறாங்க! வெடிப்பு இருக்குன்னு தெரிஞ்சும் மறைச்சவன் மனுஷனா?"

"மறைச்சவர் யாரா இருந்தாலும் எழுதலாமா?"

"யாரா இருந்தா என்ன? எழுது, நான் சொல்றேன். 'வெடிப்பை மறைச்சவன் எவனோ, அவன்தான் கொக்கியை உடைச்சவன். அவன் இனி அந்த யார்டு வாசல்ல கால் வைக்கக் கூடாது.' ஒரு எழுத்து மாத்தாதே!"

கோரா எழுதினாள். எழுதி முடித்து நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீயே ஒரு தடவை பார்த்துடுப்பா."

"அப்படிக் கேளு!" ரெஜிஸ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்தார்.

"பளபளன்னு இருக்கிற பக்கத்தை விட்டுடு. ஓரத்துல, கறுப்பா இருக்குல்ல, அதைப் பாரு."

பார்த்தார்.

பழைய துருவின்மேல், வெடிப்பின் ஆழம்வரை இறங்கி, பளிச்சென்று காய்ந்திருந்தது மஞ்சள் பெயிண்ட்.