மூக்குப் பரீட்சை

"கண்ணத் தொறக்கப்படாது. இருங்க, துண்ட இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுதேன்" என்றாள் மனைவி செபமாலையம்மாள்.

"ஏ பிள்ள, தூக்குல போடுறவனுக்குக் கட்டுற மாதிரில்லா கட்டுத!" சுவக்கீன் சிரித்துப் பார்த்தார். அவருக்கே அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. போன வாரம் பால் கருகித் தெரு வரைக்கும் நாறுது. நீங்க அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கீங்க."

"சளி பிடிச்சிருக்குன்னு சொன்னேன்லா?"

"உங்க அண்ணனும் சளின்னுதான் சொன்னாரு."

அண்ணனுக்கு முதலில் போனது மூக்கு. அப்புறம் கை நடுங்கியது, கால் பின்னியது. மதினி மதலேனம்மாள் ஏழு வருஷம் சோறு ஊட்டி, துடைத்து, புரட்டிப் போட்டுப் பார்த்தாள். மூக்குச் செத்ததுதான் அந்த நடுக்குவாத நோயின் முதல் அடையாளம் என்று டாக்டர் சொன்னபோது காரியம் கைமீறியிருந்தது.

"இப்பவும் சொல்லுதேன்" என்றாள் செபமாலை. "உங்க மூக்கு சரியா இருந்தாத்தான் வியாழக்கிழமை நான் பிளைட் ஏறுவேன். இல்லைன்னா இங்கனயேதான் இருப்பேன்."

அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஜிஷாவுக்கு இது ஏழாம் மாதம். இரண்டு கரு கலைந்து மூன்றாவதாகத் தங்கியிருக்கும் பிள்ளை. அம்மா பக்கத்தில் இருந்தால் போதும் என்று தினமும் போனில் அழுகிறாள்.

"கொல்லன் தெருவுலயே ஊசி விக்க வாரியா? மூணு ஒயினையும் ஊத்திக் கொண்டா, மோந்தே எந்த நாட்டுதுன்னு சொல்லுதேன்" என்றார் சுவக்கீன்.

வீறாப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முப்பத்தோரு வருஷம் மூணாறு எஸ்டேட் ஃபாக்டரியில் டீ மேக்கர். புளிக்கும் இலையை ஒரு பிடி அள்ளி முகர்ந்து, 'இப்ப டிரையர்ல போடு' என்பார். ஒரு நிமிஷம் பிசகாது. ரிட்டயராகி மறையூரில் வீடு கட்டிக் குடிவந்ததும் மூக்குக்கு ஜோலி இல்லாமல் போயிற்று. அப்போதுதான் மருமகன் ஜோபி முதல் சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொண்டுவந்தான். பிறகு லீவுக்கு லீவு வெவ்வேறு நாட்டு ஒயினாக நாலைந்து பாட்டில். சுவக்கீன் தேயிலைச் சாற்றை உறிஞ்சுவது போலவே அதையும் ஸ்பூனில் 'சர்ர்'ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வாஷ் பேசினில் துப்புவார். பிறகு நோட்டில் எழுதுவார். இத்தாலி: மழை நனைத்த மண், தக்காளிக் காம்பு. ஸ்பெயின்: அப்போது அறுத்த சந்தனக்கட்டை. அர்ஜென்டினா: நாவல்பழம், வெல்லப்பாகின் அடி. நாற்பத்திரண்டு பாட்டில் எழுதியாயிற்று. ஊரில் அவரைப் பைத்தியம் என்றார்கள். சந்தோஷமான பைத்தியம்.

அந்தச் சந்தோஷம் செத்து நாலு மாதம் ஆகிறது. ஒருநாள் வெல்லம் காய்ச்சும் ஆலையில் கொதிக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றார். வாடையே இல்லை. வெறும் சூடுதான் முகத்தில் அடித்தது. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுக்களையிலிருந்து கிளாஸ்கள் உரசும் சத்தம் வந்தது. நிஜமாகவே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தது அவருக்கு. ஆனாலும் ஒரு வழி வைத்திருந்தார். அலமாரியில் மிச்சமிருப்பது இன்னும் மூடி திறக்காத மூன்றே பாட்டில், மூன்றும் அவர் முன்பே ருசித்து நோட்டில் எழுதிய ரகங்கள். இடமிருந்து வலமாக இத்தாலி, ஸ்பெயின், அர்ஜென்டினா. செபமாலை எதையும் வரிசை மாற்றிச் செய்யமாட்டாள்.

"இது ஒண்ணு" என்று முதல் கிளாஸைக் கையில் கொடுத்தாள்.

முகர்ந்தார். பச்சைத்தண்ணீரை முகர்ந்தது போல் இருந்தது. உறிஞ்சினார். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு. அவ்வளவுதான்.

"மழைபெஞ்ச மண்ணு வாடை வருது. இத்தாலி!"

"சரிதான்" என்றாள்.

இரண்டாவது கிளாஸ். அதே புளிப்பு, அதே துவர்ப்பு. பாழாய்ப்போன மூக்கு இல்லாவிட்டால் உலகமே ஒரே ருசிதான் என்று நினைத்துக்கொண்டார்.

"அடேயப்பா, சந்தனக்கட்டை! ஸ்பெயின்தான. எனக்கா தெரியாது?"

"சரிதான்."

மூன்றாவதை வேண்டுமென்றே ரசித்து உறிஞ்சினார். "நாவப்பழம். அர்ஜென்டினா. போதுமா?"

செபமாலை அவர் கையிலிருந்து கிளாஸை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாம் சரியாச் சொல்லிட்டீங்க" என்றாள். குரல் தழுதழுத்தது. "நான்தான் வீணாப் பயந்துட்டேன். இந்தா, ஜிஷாகிட்ட வாரேன்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

சந்தோஷத்தில் அழுகிறாள், பாவம் என்று நினைத்தார். போகட்டும். பேரப்பிள்ளையைக் கையில் வாங்கட்டும். இங்கே கை நடுங்க ஆரம்பிக்கும்போது அவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பாள். அண்ணனை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. ஆனால் யாருக்கும் தெரியாமல் தனியாக நடுங்கிக்கொள்ளலாம்.

துண்டை அவிழ்த்தார். வாயைக் கொப்பளிக்க அடுக்களைப் பக்கம் போனார். பின்வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு செபமாலை போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அழாத தாயி. அம்மா வரமுடியாது. எனக்கு முட்டுவலி, பிளைட்ல உக்கார முடியாதுன்னு அப்பாகிட்டச் சொல்லிக்கிடுதேன். நீயும் அப்படியே சொல்லு, என்ன?"

சுவக்கீனுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்பு மேடையைப் பார்த்தார். மூன்று பாட்டில்களும் வரிசையாக இருந்தன. அவற்றில் திறந்திருந்தது ஸ்பெயின் ஒன்றுதான்.