மூன்றாவது மென்பொருள்

"மூணையும் ஓட்டிப் பார்த்துட்டேன் சார். எது வேணும்னு நீங்க சொல்லிட்டா, ராஜினாமா கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுவேன்."

அலுவலகத்தின் சர்வர்களைப் பராமரிக்கும் பெண், கீழ்த்தளத்திலிருந்து மேலாளரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். கணவனுக்கு வெளியூருக்கு மாற்றல். அங்கிருந்தபடியே வேலை பார்க்க மேலாளர் சம்மதித்தால் உண்டு. இல்லையென்றால் இன்று மாலையோடு சரி.

"நம்ம சர்வருக்குள்ள வெளியிலேர்ந்து நுழையறது விளையாட்டாம்மா?" என்றார் மேலாளர், தாழ்ந்த குரலில். "வேற எவனாவது நுழைஞ்சுட்டா?"

"அதனாலதான் முதல் மென்பொருளை ஒதுக்கிட்டேன். பாஸ்வேர்ட் ஒண்ணுதான் காவல். அது தெரிஞ்சவன் நேரா உள்ள வந்துடுவான்."

"ரெண்டாவது?"

"பூட்டு கெட்டி. ஆனா லைன் கொஞ்சம் மந்தமானா நம்மளையே வெளியில தள்ளிடுது. பாதி வேலையோட அந்தரத்துல நிக்கணும்."

"மாமியார் வீடு மாதிரின்னு சொல்லு."

"எங்க மாமியார் தங்கம் சார். நீங்க உங்க மாமியாரைச் சொல்றீங்க போல."

மேலாளர் சிரிப்பை விழுங்கினார். "மூணாவதைச் சொல்லு."

"பாஸ்வேர்டே கிடையாது. மடிக்கணினிக்குள்ள சாவி மாதிரி ஒரு ஃபைல் இருக்கும். அது இருந்தாத்தான் சர்வர் கதவைத் திறக்கும். லைன் அறுந்தாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம்."

"மென்பொருளை நம்பலாம். மனுஷங்களை? கண்ணு முன்னாடி இல்லாதவங்க ஒழுங்கா வேலை பார்ப்பாங்கன்னு என்ன நிச்சயம்? என் பிரிவுல எல்லாரும் ஆபீஸ்லதான் இருக்கணும். அதுல நான் கறார்."

"ஒருத்தர் வெளியூர்ல உக்காந்துக்கிட்டு நாலு நாளா மூணாவதுலதான் வேலை பார்க்கறார் சார். எதுவும் தேங்கல. இங்க யாருக்கும் சந்தேகம்கூட வரல."

"என்னைக் கேக்காம யாருக்குக் கொடுத்தே? ஆளு யாரு?"

"அவசரத்துக்குன்னு உங்க மடிக்கணினியில ஒண்ணு போட்டுத் தரச் சொன்னீங்களே, அதுதான் சார் இந்த மூணாவது." அவள் திரையைப் பார்த்தாள். "எந்த ஊர்லேர்ந்து உள்ள வர்றீங்கன்னு எனக்கு இங்க திரையில தெரியும். உங்க பொண்ணு ஊருதான் காட்டுது. பேரனா, பேத்தியா சார்?"



"பேத்தி," என்றார் மேலாளர். "நீ என்னைக்கும்மா ஊருக்குக் கிளம்பறே?"