முதல் விதி

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்த பெண், பயணிகளுக்கான கையேட்டைச் சுற்றுலா அதிகாரியின் மேஜைமேல் விட்டெறிந்தாள்.

"இதை எழுதின புண்ணியவான் யாரு?"

"நான்தான்."

ஊர் சுற்றிப் பார்க்க வந்துவிட்டு விதிகளைக் குறை சொல்லும் நாலாவது ஆள் இவள். அதிகாரிக்குச் சுர்ரென்று ஏறியது.

"விருந்தாளியா வந்தா விருந்தாளியா இருக்கணும் மேடம். பழைய தெருவுல குடும்பங்க வாழுது. அது பொருட்காட்சி இல்ல."

"முதல் விதியைப் படிங்க."

"'கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.' இதுல என்ன தப்பு? உங்க வீட்டு வாசல்ல ஒருத்தன் வந்து கேமராவை நீட்டினா சும்மா விடுவீங்களா?"

"விட மாட்டேன். அதுக்குத்தான் வந்திருக்கேன். அட்டைப் படம் யார் எடுத்தது?"

"அதுவும் நான்தான்." கோபத்திலும் பெருமை எட்டிப் பார்த்தது. வாசல்படியில் தலையில் துண்டும் வாய் நிறையப் பற்பசை நுரையுமாக ஒரு பெண். "எவ்வளவு இயல்பா இருக்கு பாருங்க. பத்தாயிரம் பிரதி போட்டிருக்கோம்."

அவள் தொப்பியைக் கழற்றினாள். கண்ணாடியையும் கழற்றினாள்.

அதிகாரி அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இது ரெண்டும் இல்லாம என்னால தெருவுல நடக்க முடியல. இன்னிக்குக் காலையில மட்டும் பதினாலு பேர் கதவைத் தட்டி, வாயில நுரையோட வந்து நிக்க முடியுமான்னு கேட்டாங்க. உங்க புத்தகத்தைப் படிச்சவங்க இல்லையா, எல்லாரும் மரியாதையா கேட்டாங்க சார். கேக்காம எடுத்தது நீங்க ஒருத்தர்தான்."