செசிலியின் முழங்கால்

மூட்டுத் தேய்ந்து மாதா கோயிலில் ஞானப்பூ நாற்காலிக்கு மாறிய பிறகும், அவளுடைய ஓரகத்தி செசிலி பூசை முழுக்கத் தரையில்தான் முழங்காலில் நிற்பாள். ஊர் பார்க்கவே நிற்கிறாள் என்று ஞானப்பூவுக்கு வயிறு எரியும். இன்று பூசை முடிந்து சனங்கள் எழுந்தும் செசிலி எழவில்லை.

"என்னா பக்தி! கண்ணுல தண்ணி கொட்டுது பாருங்க," என்று ஒருத்தி உருகினாள்.

கால் பூட்டிக்கொண்டதை ஞானப்பூ மட்டும் கண்டுகொண்டாள். முட்டி பிடித்துக்கொண்டதற்குக்கூட இவளுக்குத்தான் நல்ல பேரா?

செசிலி தலையைத் திருப்பாமல் கையை மட்டும் நாற்காலிப் பக்கம் நீட்டினாள். "யக்கா, தூக்கி விடுக்கா."

ஞானப்பூ ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சத்தமாகச் செபமாலையைத் தொடங்கினாள். கிளம்பியவர்கள் திரும்பி வந்து செசிலியைச் சுற்றி முழங்காலிட்டார்கள்.