மூன்றாவது கிண்ணம்

ஆங்கிலத் தேர்வுக்கான பத்தியில் ஒரு பெண், கடலுக்குப் போன கணவனுக்கும் சேர்த்துச் சோறு வைத்துக் காத்திருந்தாள். அவன் திரும்புவானா என்பது கேள்வி. அது வந்த மூன்று பயிற்சித் தேர்விலும் மாணவி ஷூயின் ‘திரும்புவான்’ என்ற விடையின் வட்டத்தையே பென்சிலால் நிரப்பியிருந்தாள்.

“உடைஞ்ச படகு கரை ஒதுங்கினதை நீ படிக்கலையா?” என்றார் ஆசிரியை லியாங்.

“படிச்சேன் டீச்சர். ஒவ்வொரு சொல்லுக்கு மேலயும் சீனத்துல எழுதி வெச்சுப் படிச்சேன்.”

“அப்புறம் என்ன பிடிவாதம்? ஒரு மார்க்ல காலேஜ் சீட்டே போயிடும்.”

இறுதித் தேர்விலும் அதே பத்தி வந்தது. கப்பல் வேலைக்குப் போன ஷூயினின் அப்பாவிடமிருந்து இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. அன்று காலையும் அம்மா மேசையில் மூன்று கிண்ணம் வைத்திருந்தாள்.

ஷூயின் பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டாள்.