பிரேக் பிடிக்காத டாக்சி

"பாய், அந்தச் சக்கரத்துல புதுசை மாட்டிராதீங்க! ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்!"

தாராவி ஒர்க்‌ஷாப்பில் டாக்சியின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக் ஜெயினுலாப்தீன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வாசலில் மூச்சிரைக்க ஒரு பெண் நின்றிருந்தாள். கோமதியம்மாள் என்று பெயர் சொன்னாள்.

முந்தாநாள் மாட்டுங்காவில் ஆளை இடித்துவிட்ட டாக்சி அது. டிரைவர் வானமாமலை லாக்கப்பில் இருக்கிறான். வண்டியைச் சோதிக்க நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் பின்சக்கர பிரேக்குக்குப் புது சிலிண்டர்களை மாட்டி, அதில் குறையே இல்லை என்று சொல்லிவிடு என்பது டாக்சி முதலாளி சேட்டின் உத்தரவு. அது டாக்சி ஸ்டாண்டில் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. இப்போது மணி மூன்றரை.

"வெலகு வெலகுன்னு கத்திக்கிட்டே அந்த மனுசன் பிரேக்கை மிதிச்சிருக்காரு பாய். வண்டி நிக்கலியாம். அது அவரு தப்பா?"

ஜெயினுலாப்தீன் பழைய சிலிண்டரைக் கையில் எடுத்தார்.

"இத பாரு தங்கச்சி. மிதிச்சா ஆயில் இதுக்குள்ள வந்து ரெண்டு பக்கமும் தள்ளணும். அப்பத்தான் பிரேக் பிடிக்கும். இது உள்ள தேஞ்சு, ரப்பரும் கிழிஞ்சுபோச்சு. ஆயில் பூரா வெளிய ஒழுகிருச்சு. எவன் மிதிச்சாலும் நிக்காது."

"இதையே இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்களேன்!"

"சேட்டோட ஆறு டாக்சி எங்கிட்டதான் வருது. வாயத் தொறந்தா நாளைக்கு இந்தப் பட்டறை இருக்காது. ஒன் புருசனக் காப்பாத்த நீ ஓடி வந்திருக்கே. எனக்கும் நாலு புள்ளைங்க இருக்குல்லா?"

அவள் போகவில்லை. அந்தச் சிலிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன மாதமே அதை மாற்றச் சொல்லியிருந்தார் ஜெயினுலாப்தீன். அப்புறம் பார்க்கலாம் என்றார் சேட். குறை தெரிந்தும் வண்டியை அனுப்பி வைத்தது இந்தப் பட்டறைதானே?

தெருமுனையில் சேட்டின் கார் ஹாரன் கேட்டது. ஜெயினுலாப்தீன் புது சிலிண்டர்களை எடுத்து டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"சக்கரம் இப்படியே தொறந்து கெடக்கட்டும். இன்ஸ்பெக்டர் கண்ணால பாக்கட்டும். நான் வாயாலயும் சொல்லுதேன். நீ வீட்டுக்குப் போ தங்கச்சி. ஒன் வீட்டுக்காரரு வெளிய வந்துருவாரு."

கோமதியம்மாள் முந்தானையால் கண்களைத் துடைத்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக லாக்கப்புல இல்ல பாய். இந்த டாக்சி இடிச்சதுல டாக்டருங்க ஒரு காலை எடுத்துட்டாவ, ஆஸ்பத்திரியில கெடக்காவ. கண்ணு முழிச்சதும், அந்த டிரைவர் மேல தப்பில்ல, போய்ச் சொல்லுன்னு அவுகதான் என்னைய அனுப்புனாவ."