இரண்டாக வெட்டிய தகடு

வெல்டிங் பட்டறையின் தகரக் கூரை ஓட்டை வழியே விழுகிற வெயிலில் இரும்புத் தூள் மினுங்குகிறது. வீட்டு ஓவனின் உள்ளளவுக்கு வெட்டிய அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி பெரியவர் நிற்கிறார். பீட்சாவின் அடி முறுகலாக வர, கனத்த தகடு வேண்டுமாம். வெல்டர் அட்டையை எஃகின் மேல் வைத்துச் சாக்கட்டியால் சுற்றிலும் கோடு இழுக்கிறார். "ஒரு ரொட்டிக்கு இவ்ளோ இரும்பா சார்? லாரிக்கே தளம் அடிக்கலாம். பதினோரு கிலோ வரும். ஓவன்ல ஏத்தி இறக்க அந்தப் பக்கம் இன்னொரு ஆள் பிடிக்கணும்." பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். துடைத்ததையே மறுபடியும் துடைக்கிறார். "அப்ப ரெண்டா வெட்டிடுங்க தம்பி." "நடுவுல இடுக்கு விழுமே சார்." "விழட்டும்." வெட்டும் இயந்திரம் அலறுகிறது, பொறி பறந்து இருவர் காலடியிலும் அணைகிறது. வெல்டர் விளிம்புகளை அரத்தால் ராவி, இரு பாதிகளையும் ஒட்டிவைத்துத் தூக்கிப் பிடித்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறார். மயிரிழை அளவுக்குத் தெரிகிறது. பெரியவர் ஒரு பாதியை மட்டும் வாங்கித் தூக்கிப் பார்க்கிறார். சிரமமில்லாமல் வருகிறது. "சூட்டோட தொட்டுடாதீங்க சார். கையுறை வச்சிருக்கீங்களா?" "அதெல்லாம் இருக்கு தம்பி," என்கிறார் பெரியவர், தகட்டைப் பார்த்தபடி. "ரெண்டு ஜோடி இருக்கு. இப்ப ஒண்ணு போதும்."